முள்வேலியும் மனுவும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பெண்களின் அமைதி அரசியல்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும் ஆலை நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், அமைதி இயக்கம் என்ற பெயர்ப்பலகையோடு நடந்த பெண்கள் அமைப்புகளைத் தேடுகிற ஆய்வாளருக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சில. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், போரிடும் நாடுகளின் பெண்களும் போரிடாத நாடுகளின் பெண்களும் ஒரே மண்டபத்தில் கூடிச் சமரசம் கோரிய மாநாடும், அதிலிருந்து பிறந்த அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்களின் பன்னாட்டுக் கழகமும் இவ்வரலாற்றின் தொடக்கமாக நூல்களில் இடம்பெறுகின்றன. ஆசியாவில் 1931 ஜனவரியில் லாகூரில் கூடிய அனைத்து ஆசியப் பெண்கள் மாநாடு உலக அமைதியைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அனுபவம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. போர்க்காலத்துக்குரிய அதிகாரங்களையும் கெடுபிடிகளையும் குடிமக்களின் அன்றாட வாழ்வின்மேல் நிலையாகச் சுமத்தும் ஆட்சிமுறையைப் படைத்துறை ஆதிக்கம் என்று கொண்டால், அந்த ஆதிக்கம் இங்கு தோட்டத்து வாசலிலும் புதுக்கிராமத்து வேலியிலும் தடுப்பு முகாமின் கதவிலும் பெண்களை நேருக்கு நேர் சந்தித்தது. ஆகவே அதற்கு அவர்கள் அளித்த மறுமொழியைக் கூலிக் கோரிக்கைகளிலும் தொழிற்சங்கத் தீர்மானங்களிலும் மனுக்களிலும் ஐக்கிய நாடுகள் சபைக்கு எழுதப்பட்ட அறிக்கைகளிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களிலிருந்து இதைத் தொடங்குவது பொருத்தம். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்ததால் மலாயாவின் ரப்பருக்கு என்றுமில்லாத தேவை எழுந்தது. பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்த சரக்குகளில் ரப்பர் முதன்மையாக இருந்தது. விலை ஏறியபோதும் இந்தியத் தொழிலாளியின் நாட்கூலி, அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளியின் கூலிக்குக் கீழேயே நின்றது. தமிழ்நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்களும் முன்னின்று திரட்டிய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில், சமகூலி, வேலைநேரக் குறைப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தோட்ட நிர்வாகியான துரைக்கு எதிரே சைக்கிளில் அமர்ந்து செல்லும் உரிமை ஆகியவற்றோடு, வெள்ளைத் துரைகளும் அவர்களைப் போல நடந்துகொண்ட கறுப்புத் துரைகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் இருந்தது. தோட்டப் பெண்ணின் உடல்மீதான வன்முறை ஒரு பொதுக் கோரிக்கையாக எழுதி வைக்கப்பட்டது என்பதனாலேயே இந்தப் பட்டியல் தனி மதிப்புப் பெறுகிறது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற மாவட்டங்களுக்கும் பரவ, மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, போலீசோடு இந்தியப் படைப்பிரிவுகளும் இறக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கூலி கேட்டவர்களை அடக்கக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட படையினரும் இந்தியரே என்பது, பேரரசின் படை யாருக்காக யாரை எதிர்த்து நின்றது என்பதைத் தோட்டத்து மக்களுக்குப் பாடமாகக் காட்டியது.

அடுத்த ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த இருப்புப்பாதைக்கு, தமிழர் நினைவில் சயாம் மரண ரயில் என்றே நிலைத்துவிட்ட அந்த வேலைக்கு, மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் பிடிக்கப்பட்ட தமிழர்கள். காலராவாலும் பட்டினியாலும் மாண்டவர்களின் தொகை பல்லாயிரம். ஆண்கள் திரும்பாத லயங்களில் மரவள்ளிக் கிழங்கை நட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றிய பெண்களின் வரலாறு மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நினைவேந்தல்களும் நூல்களும் பெரும்பாலும் பாதையில் மடிந்த ஆண்களையே பேசுகின்றன. போரின் சுமையில் பாதியைச் சுமந்தவர்கள் பெயரின்றிப் போனார்கள்.

இந்தச் சூழலில்தான் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று தனிப்படை அமைக்க அழைப்பு விடுத்தார். சென்னையில் மருத்துவம் படித்து 1940-இல் சிங்கப்பூர் சென்றிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்க, அதே ஆண்டு அக்டோபரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. படையில் சேர்ந்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அவர்களோடு நகரங்களில் வாழ்ந்த வணிகர், அரசு ஊழியர் குடும்பங்களின் மகள்களும் சேர்ந்தனர். கோலாலம்பூரில் பிறந்து, போஸின் கூட்டமொன்றில் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, தந்தையின் எதிர்ப்பையும் மீறிச் சேர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர், படையின் முன்னணி அதிகாரிகளில் ஒருவரானார். ஈப்போவில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராசம்மா, பின்னாளின் ராசம்மா பூபாலன், தன் சகோதரியோடு பதின்ம வயதிலேயே சேர்ந்தார்.

இப்படையை அமைதி இயக்கத்தின் முன்னோடி என்று கூறுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அது துப்பாக்கி ஏந்திய படை. சயாம் பாதையில் தமிழ்த் தொழிலாளரைப் பலிகொடுத்துக்கொண்டிருந்த அதே ஜப்பானிய அரசின் துணையோடு நின்ற படை. இந்த முரணை மூடிமறைக்கும் புகழ்மாலைகள் அப்பெண்களுக்கே நியாயம் செய்வதில்லை. ஏனெனில் தாயகத்தின் விடுதலையில் அவர்கள் வைத்த நம்பிக்கையும், படையில் சேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உணவும் பாதுகாப்பும், தோட்டத்தின் அடக்குமுறையிலிருந்து வெளியேறும் விருப்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 1944-இல் இம்பால் நோக்கிய படையெடுப்பு தோற்று, 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுச் சயாம் வழியாகப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் வந்த அணிகளில் அப்பெண்களும் இருந்தனர். போர்முனைச் சண்டையில் அவர்கள் பெரும்பாலும் ஈடுபடுத்தப்படவில்லை. காயமுற்றோரைப் பேணுவதிலும் பின்வாங்குதலின் துயரத்திலுமே போர் அவர்களுக்குப் புலப்பட்டது. கூட்டத்தில் பேசவும் கட்டளையிடவும் நாட்டெல்லை கடந்து சாதி, வர்க்க வேறுபாடுகளுக்கு மேலாக ஒன்றாக வாழவும் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அதன் வழியாக உருவாயிற்று என்பதும், அத்திறன்களைப் போருக்குப் பிறகு அவர்கள் எங்கே செலவிட்டார்கள் என்பதும்தான் இவ்வரலாற்றில் முதன்மையான செய்தி.

ஜானகி, போரின் முடிவில் நோயாலும் வறுமையாலும் சிதைந்திருந்த தோட்ட மக்களுக்கு மருத்துவம் அளிக்க இந்திய தேசிய காங்கிரஸ் 1946-இல் அனுப்பிய மருத்துவக் குழுவோடு பணியாற்றினார். அதே ஆண்டில் ஜான் திவி தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். பிற்காலத்தில் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். லட்சுமி, திருமணத்துக்குப் பின் லட்சுமி சேகல் என்று கான்பூரில் வாழ்ந்து, 1971-இல் வங்காளதேச அகதிகளுக்கு மருத்துவம் செய்து, 1981-இல் சென்னையில் நிறுவப்பட்ட அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரானார்.

போர் முடிந்தும் மலாயாவில் முள்வேலி அகலவில்லை. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் கிளர்ச்சியை எதிர்த்து 1948 ஜூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். காட்டோரத்தில் குடியிருந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் சிதறிய குடியிருப்புகளும் காவலுக்கு வசதியாக ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் அடைக்கப்பட்டன. கிளர்ச்சியாளருக்கு உணவு போகாமல் தடுப்பது இராணுவ உத்தியின் மையமாக இருந்ததால், விடியலில் பால்வெட்டப் போகும் ஒவ்வொருவரும் வாசலில் சோதிக்கப்பட்டனர். சோற்றைப் பங்கிடுவதும் பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பதும் பெண்களின் வேலையாக இருந்த சமூகத்தில், உணவுக் கட்டுப்பாடு என்பது பெண்களின் மீதான கட்டுப்பாடாகவே முடிந்தது.

கோலாலம்பூருக்குத் தெற்கே காஜாங் வட்டாரத்தில் உள்ள செமினியில் இது வெளிப்படையான மோதலாயிற்று. அங்குள்ள புதுக்கிராமத்தின் வாசலில் நடந்த உணவுச் சோதனைகளில் பெண்கள் ஆடை களையப்பட்டு அவமதிக்கப்பட்டதாக எழுந்த முறையீடுகள் அடங்காமல் பரவவே, அரசு விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. அதன் அறிக்கை 1956-இல் வெளியானது. சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்னர், படைத்துறை உத்தி ஒன்று பெண்ணுடலின் மீது எப்படி நடத்தப்பட்டது என்ற வினாவை அரசாங்கமே எழுத்தில் எதிர்கொள்ள நேர்ந்தது, அந்த வாசலில் நின்ற பெண்கள் வாய்திறந்ததனால்தான். செமினியின் பெயர் இக்கட்டுரையில் இன்னொரு முறையும் வரவேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

அவசரகாலம் முடிவுற்ற 1960-ஆம் ஆண்டிலேயே ராசம்மா பூபாலன் மலாயாக் கூட்டரசின் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். ஒரே தகுதியும் ஒரே வேலையும் இருந்தும் ஆசிரியைக்கு ஆசிரியரை விடக் குறைந்த சம்பளம் என்ற நிலையை எதிர்த்து அவர் நடத்திய இயக்கம், பிற அரசுத் துறைப் பெண்களையும் இணைத்துக்கொண்டு வளர்ந்து, 1969-இல் அரசுப் பணியில் சமச்சம்பளத்துக்கு வழிவகுத்தது. 1963 ஆகஸ்டில் கோலாலம்பூரில் உருவான பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றத்தின் நிறுவனர்களிலும் அவர் ஒருவர். ஜானகியும் அதில் இருந்தார். மலாய், சீன, இந்திய, யுரேசியப் பெண்களின் சங்கங்கள் ஒரே மேசையில் அமர்ந்த அமைப்பு அது. 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்து மீண்டும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது; ராசம்மா நகரின் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஆண்டும் அதுவே. பல இனத்துச் சிறுமியர் ஒரே வகுப்பில் படிக்கும் பள்ளியை அத்தகைய ஆண்டில் நடத்திச் சென்றது, எந்த அமைதி மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறையாத பணி.

ஐக்கிய நாடுகள் சபை 1975-ஐப் பன்னாட்டுப் பெண்கள் ஆண்டாக அறிவித்து மெக்சிகோவில் கூட்டிய மாநாட்டின் முழக்கம் சமத்துவம், வளர்ச்சி, அமைதி என்ற மூன்று சொற்களால் ஆனது. அந்த மூன்றில் முதல் இரண்டையும் பற்றிப் பேசுவது மலேசியாவில் எளிதாக இருந்தது. மூன்றாவதைப் பேசினால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நின்றது. அவசரகால விதிகளின் வாரிசாக 1960-இல் இயற்றப்பட்ட அச்சட்டம், விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டபோது அவர்களில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தனர். சிலாங்கூரின் ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலைசெய்த பெண்களைத் திரட்டிய சஹாபாட் வனிதா அமைப்பின் ஐரின் சேவியர் அவர்களில் ஒருவர். ஆலைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டிய ஓர் அமைப்பாளரைத் தேசப் பாதுகாப்பின் பெயரால் அடைக்க முடிந்தது என்றால், பாதுகாப்பு என்ற சொல்லை அரசிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது என்று பெண்கள் முடிவுசெய்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டுகளில் கோலாலம்பூர் ஆசியப் பெண்கள் அமைப்புகளின் சந்திப்பிடமாகவும் மாறிக்கொண்டிருந்தது. 1980-இல் இங்கு நிறுவப்பட்ட ஆசிய பசிபிக் வளர்ச்சி மையத்தில், சிங்கப்பூரில் பிறந்த நோலீன் ஹேசர் 1984 முதல் பத்தாண்டுகள் பெண்கள் தொடர்பான திட்டத்தை நடத்தினார். இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்லும் பெண்களின் நிலை குறித்து நாடுகளை ஒரே உரையாடலுக்குள் கொண்டுவந்த பணிகளில் அம்மையமும் இருந்தது. 1985-இல் நைரோபியில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டின் தொடர்ச்சியாக உருவான ஆசிய பசிபிக் பெண்கள், சட்டம், வளர்ச்சி மன்றத்தின் செயலகமும் பின்னர் தாய்லாந்தின் சியாங் மாய்க்கு மாறும்வரை இந்நகரிலேயே இயங்கியது. வழக்கறிஞர்களும் தொழிற்சங்கப் பெண்களும் ஒரு நாட்டில் கற்றதை மற்றொரு நாட்டில் பயன்படுத்தும் வழி இங்கு திறந்தது. சாந்தி தைரியம் 1993-இல் கோலாலம்பூரில் நிறுவிய ஆசிய பசிபிக் பெண்ணுரிமைக் கண்காணிப்பு அமைப்பு இதை ஒரு முறையாகவே ஆக்கியது: பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் அதன் கண்காணிப்புக் குழுவிடம் அறிக்கை தரும்போது, அந்நாட்டுப் பெண்களே தங்கள் மாற்று அறிக்கையை எழுதி எடுத்துச்செல்லவும் குழு உறுப்பினரிடம் நேரில் பேசவும் அது பல நாட்டுப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. மலேசியா அவ்வுடன்படிக்கையை 1995-இல், சில விலக்குகளோடு ஏற்றது.

அந்த 1995-ஆம் ஆண்டிலேயே செமினி மீண்டும் செய்தியாயிற்று. ஆவணமற்ற புலம்பெயர் தொழிலாளரை அடைத்து வைத்த அங்குள்ள தடுப்பு முகாமில் பலர் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தது வெளிப்பட்டது. கெடாவில் ரப்பர்த் தோட்டக் குடும்பத்தில் வளர்ந்து, ஆசிரியப் பணியை விட்டு ஆலைத் தொழிலாளரைத் திரட்டப் போன ஐரின் பெர்னாண்டஸ், 1991-இல் கோலாலம்பூரில் தெனாகானித்தா அமைப்பை நிறுவியிருந்தார். அவர் 300-க்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு, முகாம்களில் நடக்கும் வதையையும் மனிதத்தன்மையற்ற நடத்தையையும் விவரிக்கும் மனு ஒன்றை 1995-இல் வெளியிட்டார். 1996 மார்ச்சில் அவர் பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று அச்சகச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. ஏழு ஆண்டுகள் நீண்ட அவ்வழக்கில் 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2008 நவம்பரில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு மனுவின் பின்னால் நின்ற அந்த உறுதியை, இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் எந்தப் போர்வீரத்துக்கும் மேலாக மதிக்கலாம். வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் பிலிப்பினோக்களும் அடைபட்ட முகாமைப் பற்றித் ரப்பர்த் தோட்டக் குடும்பத்தின் மகள் பேசியதில் ஒரு வரலாற்று நியாயம் இருந்தது. அவருடைய முன்னோரும் ஒருகாலத்தில் கப்பலில் வந்து, எல்லையில் தனிமைப்படுத்தப்பட்டு, வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட கூலிகளின் உலகைச் சேர்ந்தவர்களே.

எல்லை தாண்டிய ஒருமைப்பாட்டுக்கு அன்று இருந்த இடம் எவ்வளவு குறுகியது என்பதை 1996 நவம்பர் 9 காட்டியது. இந்தோனேசியப் படை 1975 முதல் ஆக்கிரமித்திருந்த கிழக்குத் தீமோரின் விடுதலைக்காக ஆசிய பசிபிக் நாடுகளின் செயற்பாட்டாளர்கள் கோலாலம்பூர் ஏசியா ஹோட்டலில் கூட்டிய மாநாட்டை ஆளுங்கூட்டணியின் இளைஞர் பிரிவினர் புகுந்து கலைத்தனர். போலீஸ் மாநாட்டுக்கு வந்தவர்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைதுசெய்தது. வெளிநாட்டினர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபர் 31 அன்று, ஐ.நா. பாதுகாப்பு சபை 1325-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் சமாதானப் பேச்சிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றும் ஆயுத மோதலில் பாலியல் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்றும் அச்சபை முதல் முறையாக ஒரு தனித் தீர்மானத்தில் கூறியது. அதற்காக உழைத்த பெண்கள் அமைப்புகளில் 1915-இன் ஹேக் மாநாட்டிலிருந்து வந்த கழகமும் இருந்தது; ஐ.நா.வுக்குள்ளிருந்து அதை முன்னெடுத்த பெண்கள் வளர்ச்சி நிதியத்தின் தலைவராக அப்போது இருந்தவர், கோலாலம்பூரில் பத்தாண்டுகள் பணியாற்றிய நோலீன் ஹேசர். அவ்வாண்டு பாதுகாப்பு சபையின் தற்காலிக உறுப்பினராக இருந்த மலேசியாவும் ஆதரித்து வாக்களித்தது. நியூயார்க்கில் அவ்வாக்கு விழுந்த நாளில் ஐரின் பெர்னாண்டஸ் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவராகவே இருந்தார்.

சாந்தி தைரியம் 2005 முதல் 2008 வரை அந்தப் பெண்ணுரிமை உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழுவில் உறுப்பினராக இருந்தார். காசாவுக்கு உதவிப் பொருட்களோடு சென்ற கப்பல் அணியை இஸ்ரேலியப் படை 2010 மே 31 அன்று தாக்கி ஒன்பது பேர் கொல்லப்பட்டதை விசாரிக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் அமர்த்திய மூவர் குழுவில் அவரும் ஒருவர். 2016 அக்டோபரில் காசா நோக்கிச் சென்று கடலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட பெண்களின் படகில் மலேசிய மருத்துவர் பவுசியா ஹசன் இருந்தார். சாந்தி முன்பு உறுப்பினராக இருந்த உடன்படிக்கைக் குழு 2013-இல் வெளியிட்ட 30-ஆம் பொதுப் பரிந்துரை, மோதல் தடுப்பிலும் மோதல் காலத்திலும் அதன் பின்னும் பெண்களுக்கு அரசுகள் கடமைப்பட்டவை எவை என்று விரித்துரைத்ததோடு, 1325 தொடர்பான செயல்களையும் தங்கள் அறிக்கையில் அரசுகள் சேர்க்க வேண்டும் என்றது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மலேசியா ஏற்காததால், மியன்மாரிலிருந்து படைக்குத் தப்பி வந்து அம்பாங்கிலும் செலாயாங்கிலும் கிள்ளானிலும் வாழும் பெண்களுக்குச் சட்டத்தில் அகதி என்ற நிலையே கிடையாது; அவர்கள் பிடிபட்டால் போவதும் அதே தடுப்பு முகாம்களுக்குத்தான். 2018-இல் மலேசியாவின் அறிக்கையை ஆராய்ந்தபோது அக்குழு அரசிடம் வினவியவற்றில் அகதிப் பெண்களின் நிலையும் இருந்தது.